வெக்கை போகிற வழி

அவள் தேத்தண்ணியை நின்றுகொண்டுதான் குடிப்பாள். ஆறட்டும் என்று ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. நாக்கு வெந்துபோகும், கண்ணில் தண்ணி வரும், ஆனாலும் நாலு மடக்கில் முடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவாள். நான் அப்போதுதான் என் கோப்பைக்குள் சீனியைக் கரைத்துக்கொண்டிருப்பேன். தேத்தண்ணிக்கு முன்னால் குந்திக்கொண்டு என்ன மௌலூதா ஓதுகிறாய் என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்க மாட்டாள்.

அவளை நான் மச்சி என்று கூப்பிட்டேன், அவளும் என்னை அப்படித்தான். சொந்தம் எதுவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு, சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் வீடிழந்த ஆக்களுக்கு வரிசையாகத் தகரக் கொட்டில்கள் போட்டுத் தந்தார்கள். அதில் என்னுடையதும் அவளுடையதும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு தகரம். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் யர்ஹமுகல்லாஹ் சொல்லுவேன். அவ்வளவு நெருக்கத்துக்கு ஒரு உறவுமுறை வேண்டாமா, அதனால் மச்சி என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொழில், கலியாண வீடியோ. அதிலும் பெண்கள் பக்கத்து வீடியோ. எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் ஆம்பிளைகள் பக்கத்தை ஆம்பிளைகள் எடுப்பார்கள். பொண்ணு இருக்கிற அறை, மருதோண்டி, குரவை, பெண்கள் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறது, இதையெல்லாம் ஒரு பெண்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை வெட்டி ஒட்டி டீவீடி ஆக்குகிறதும் பெண்தான். அந்நிய ஆம்பிளையின் கண் அதில் படக்கூடாது. சுனாமிக்கு முந்தியே நான் கெமரா தூக்கியவள். கெமராவும் கசட்டுகளும் சம்மாந்துறையில் என்னோடு பிறந்த ராத்தா வீட்டில் கிடந்ததால் தப்பின. வெட்டி ஒட்டுகிற ஆள்தான் இல்லாமல் இருந்தேன். அந்த வேலையை மச்சி எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய அவசரத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. ரோட்டில் அவளோடு நடந்தால் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். நான் ஒரு கதையைத் தொடங்கினால் முடிவை அவள் சொல்லிவிடுவாள், பாதி நேரம் பிழையாக. கறி சமைத்தால் உருளைக்கிழங்கு அவிய முந்தியே சட்டியை இறக்கிவிடுவாள், தின்கிற எங்களுக்குத்தான் பல்லு வேண்டும். அவளுடைய பிள்ளைகள் ஓதப்பள்ளிக்கு ஓதிக்கொடுக்கிற லெப்பை வருவதற்கு முந்தியே போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்பார்கள். கலியாண வீட்டு ஆக்கள் வந்து வீடியோ எப்போது கிடைக்கும் என்று கேட்டால், நான் வாயைத் திறக்கிறதுக்குள் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிடுவாள். எந்த வெள்ளி என்று எவரும் கேட்டதில்லை. வருகிற வெள்ளிதான் என்று அவள் முகத்திலேயே எழுதியிருக்கும். பிறகு வெள்ளி வரைக்கும் இரண்டு பேரும் கிடந்து சாவோம்.

இந்த அவசரம் பிறவிக்குணமா, கடல் வந்த பிறகு ஒட்டிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதுதான் அவளைக் காப்பாற்றியது. அன்றைக்குக் காலையில் கடற்கரைப் பக்கம் சத்தம் கேட்டதும் மற்றப் பெண்கள் என்ன ஏது என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். இவள் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினாள். கதவைச் சாத்தவில்லை, அடுப்பை அணைக்கவில்லை, முக்காடு எங்கே விழுந்தது என்றும் தெரியாது. அந்தப் பெண்களில் ஒருத்தியும் இப்போது இல்லை. இதை ஒரே ஒருநாள், மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போது, சந்தைக்குப் போன கதை போலச் சொன்னாள்.

"நிண்டு பார்த்த ஆக்களெல்லாம் போயிட்டாங்க மச்சி. நான் பார்க்கல்ல, இரிக்கிறன்."

எங்கள் வரிசையில் எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. சொல்லிச் சொல்லி, கேட்டுக் கேட்டு எல்லாருமே களைத்துப் போயிருந்தோம்.

கொம்பியூட்டர் அவளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் தந்தது. பெண்களுக்குத் தொழில் செய்யச் சாமான் தருகிறோம் என்று வந்தார்கள். எங்கள் வரிசையில் எல்லாரும் தையல் மெஷின் கேட்டோம், கெமரா வைத்திருந்த நானும்தான். அவள் மட்டும் கொம்பியூட்டர் வேண்டும் என்று நின்றாள். வந்த சேர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிடைத்தது. ஆனால் பாவம், அது கடிதம் அடிக்கிறதுக்கு என்று வந்த பெட்டி. அதன் தலையில் கலியாண வீடியோவைத் தூக்கி வைத்தால் நெல் மூட்டை ஏற்றின வண்டில் மாதிரித்தான் ஊரும். வெட்டி முடித்து, பூ வைத்து, பாட்டுப் போட்டு, இனி ஆக்கு என்று பட்டனை அமத்தினால் விடிய சுபஹுக்குத் தொடங்கியது பின்னேர அசர் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கொட்டில்கள் அத்தனைக்கும் ஒரே லைனில்தான் கரண்ட். மஃரிப்புக்கு எல்லாரும் லைட்டைப் போட்டால் கரண்ட் இறங்கிப் பெட்டி அணைந்துபோகும். முழுக்கத் திரும்ப முதலில் இருந்து.

கட்டாரில் வேலை செய்த அவளுடைய தம்பி போனில் ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். பெட்டியைப் போடும்போது ஒரு கீயை அமத்தினால் நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். அதில் ஒரு இலக்கத்தைக் கூட்டிவிட்டால், கொம்பனிக்காரன் வைத்த வேகத்தைவிடக் கூடின வேகத்தில் அது ஓடும். அதற்கு ஓவர்குளொக் என்று பெயராம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, சூடு ஏறும், கவனம் என்றும் சொல்லியிருக்கிறான். அந்தக் கொஞ்சம் கொஞ்சமாக என்கிற சொல் அவள் காதில் விழுந்திருக்காது. போகுமட்டும் கூட்டி, இனி எழும்பவே எழும்பாது என்கிற இடத்துக்கு ஒரு படி கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். வேலை மத்தியானத்துக்கு முந்தி முடிந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பெருநாள் பிறை கண்ட மாதிரி.

பெட்டிக்குத்தான் தாங்கவில்லை. தகரக் கொட்டிலுக்குள் மத்தியானத்தில் மனுசரே இருக்க ஏலாது, கூரையைத் தொட்டால் கை சுடும். அதற்குள் இது வேறு இல்லாத வேகத்தில் ஓடினால்? பாதி வேலையில் சட்டென்று அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்துவிடு என்று நான் சொன்னேன். எவரும் அதைத்தான் சொல்வார்கள். பெற்ற பிள்ளையைத் தத்துக்கொடுக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தாள்.

"வேகம் குறையாது. வெக்கையத்தான் குறைக்கணும்."

நாங்கள் பிறகு பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பேச்சால் வந்ததுதான்.

கல்முனை பசாரில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் இருந்தார்கள். முக்காடு இல்லாமல், கைநிறைய மருதோண்டியோடு, ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டு. எங்களை நம்பித் தந்த முகங்கள். அதைத் தூக்கிக் கொண்டுபோய் எவனோ ஒருத்தனின் மேசையில் வைக்கிறதா? ஒருமுறை அவள் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றித் துவாயில் சுற்றி, உடுப்புப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரன் தன்னுடைய டிஸ்க்கைப் போட்டு ஏசி அறைக்குள் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டிருக்கிறான். ஒரு கோளாறும் இல்லை, நன்றாக ஓடுகிறது என்று திருப்பித் தந்துவிட்டான். அந்தக் குளிரில் விட்டால் நானும்தான் நன்றாக ஓடுவேன். வந்து தகரத்துக்குள் பூட்டினோம், கொஞ்ச நேரத்தில் செத்துக் கிடந்தது. அவள் அபாயாவைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி நாம்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

முதலில் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தோம். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதன் வயிற்றுக்கு நேரே வைத்தோம். பிள்ளைகள் வேர்த்து வடிய, ஃபேன் பெட்டிக்கு. அவளுடைய மனுசன் சம்மாந்துறை மில்லில் நெல் ஏற்றி இறக்குகிறவர், வாய் பேசாத மனுசன். எனக்கு இல்லாத காத்து இதுக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. கடற்கரை ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துபோனோம். ஃபேன் காற்றை மட்டுமா கொண்டுவரும்? உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டுவந்து உள்ளே அப்பிவிட்டது. ஆணிகள் கறள் பிடித்தன. வயர்களில் தூசு பாசிபோலப் படர்ந்தது. அவள் பழைய பல்லு பிரஷால் அதைத் தட்டித் தட்டித் துப்புரவாக்குவாள், நான் டோர்ச் பிடிப்பேன். நேராகப் பிடி நேராகப் பிடி என்று சொல்லிச் சொல்லியே என் கையை முறித்துவிட்டாள்.

புரொசசருக்கும் அதன்மேல் இருக்கிற உலோகத்துக்கும் நடுவில் ஒரு பசை பூச வேண்டும், சூட்டை வாங்கி மேலே அனுப்புகிறதுக்கு. பழையது காய்ந்து பொடியாகியிருந்தது. பசாரில் அந்தக் கிழமை அது இல்லை, அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். அடுத்த கிழமை வரைக்கும் அவளுக்குப் பொறுக்குமா? பற்பசையைப் பூசிவிட்டாள். ஆர் சொன்ன புத்தியோ தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, சில நாள் அது வேலையும் செய்தது. பிறகு அதுவும் காய்ந்து, பெட்டி முந்தியைவிட மோசமாகக் கொதித்தது. வாய் மணக்கிறது, மூளைதான் வேகிறது என்று நான் சொன்னேன். அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

என் சுவரை வெட்டினதும் அந்தக் காலத்தில்தான். பெட்டியின் முதுகால் வருகிற வெக்கை எங்கே போகிறது என்று கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். தகரத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிக்கொண்டுவந்து, முன்பக்கத்தால் மறுபடி உள்ளே போகிறது. விட்ட மூச்சையே திரும்பக் குடிக்கிறது என்றாள். சரியான கண்டுபிடிப்பு. அதற்கு அவள் கண்ட வைத்தியம், நான் லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் தகரம் வெட்டுகிற கத்திரியாக என் தலைமாட்டுக்கு வந்தது. பதறி எழும்பினால் என் சுவரில் பீங்கான் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள்ளால் அவளுடைய கண். பயப்படாதே, காற்றுப் போகிறதுக்கு என்றாள். காற்றுத்தான். பெட்டி குடித்துத் துப்பின வெக்கை முழுவதும் என் தலையணைக்கு. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். சுனாமி என் வீட்டை எடுத்தது, நீ என் நித்திரையை எடுக்கிறாய் என்றுகூடச் சொன்னேன். அதற்குப் பிறகு கதை பேச்சு இல்லை. அந்தப் பக்கம் தும்மல் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவளே என் பக்கத்து ஓட்டையை அடைத்து, மேசையைத் திருப்பி, பின்னால் ஆக்கள் நடக்கிற ஒழுங்கைப் பக்கத்துச் சுவரில் வேறொன்று வெட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு கோப்பை நிறையப் பொரித்த சூடை மீன் வந்தது. நானும் தின்றுவிட்டு மச்சி என்று கூப்பிட்டேன்.

வழி கிடைத்தது ஒரு வியாழன் பின்னேரம். அதற்குள் அவள் பசாரில் கண்ட சின்ன ஃபேன்களை எல்லாம் வாங்கி, பெட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று பூட்டியிருந்தாள். எல்லாமே உள்ளே ஊதின. காற்று வேண்டுமென்றால் உள்ளே ஊதத்தானே வேண்டும், எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. வெக்கை குறையவில்லை, கூடினது. வியாழன் பொழுது பட்டால் எங்களுக்கு வெள்ளி இரவு, அதற்குச் சாம்பிராணி போட்டுச் சட்டியை மூலை மூலையாகக் காட்டிக்கொண்டு வந்தவள், பெட்டிக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டாள். முன்னால் போன புகை உள்ளேயே சுழன்று, போக வழியில்லாமல், போன ஓட்டையாலேயே கசிந்து வந்தது. அவள் சட்டியைப் பின்னால் கொண்டுபோனாள். அங்கேயும் புகை உள்ளேதான் போனது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எல்லாரும் உள்ளுக்கு வாறாங்க. வெளியில போறதுக்கு ஆளில்ல."

அப்படியே திருப்புளியை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்த ஃபேனைத் திருப்பி வெளியே ஊதுகிற மாதிரிப் பூட்டினாள். பக்கத்து ஃபேனைக் கழற்றினாள். குறுக்கே தொங்கின பட்டையான வயர்களை மகளின் தலைமுடி றபர் வளையங்களால் சேர்த்துக் கட்டி ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள், மூலையில் கிடந்த மூடியை எடுத்துப் பெட்டியை மூடினாள். இந்த வெக்கைக்குள் ஆராவது மூடுவார்களா என்று நான் தடுத்தேன். அவள் சாம்பிராணிச் சட்டியை முன்னால் பிடித்தாள். புகை முன்னால் போனது, ஒழுங்கைப் பக்கத்து ஓட்டையால் நூல் பிடித்த மாதிரி வெளியே போனது. திறந்து கிடந்தால் காற்று கண்டபடி அலையும், மூடினால்தான் ஒரு வழியால் போய் ஒரு வழியால் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. எண்பதுக்கு மேல் காட்டின சூடு எழுபதுக்குக் கீழே இறங்கியது. வெளியே ஒழுங்கையில் போன ஒரு கிழவர், சுவர் ஓட்டையால் சாம்பிராணி வருவதைப் பார்த்து, உள்ளே ராத்திபா ஓதுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்குக் கல்முனைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. பழக்கதோசத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கொட்டில்களுக்குள் ஓடினோம். பட்டாசு என்று பிறகுதான் தெரிந்தது. சந்தோஷப்படுகிறதா என்ன செய்கிறது என்று எவருக்கும் விளங்கவில்லை. தமிழ் ஊரான வீரமுனையிலிருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவருகிற அம்மா அன்றைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. எனக்கு எங்காவது படுத்து ஒரு வருஷத்துக்கு நித்திரை கொள்ள வேண்டும்போல இருந்தது. மச்சி பெட்டியின் முன்னால் மல்லாந்து கிடந்து ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் யுத்தம் முடிந்ததாம் என்றேன். முடிந்ததா, சரி, அந்த டோர்ச்சை இப்படிப் பிடி என்றாள். இனிக் கலியாணங்கள் கூடும் என்பது அவளுடைய கணக்கு.

பிறகு ஒருவழியாக வீட்டுத்திட்டம் வந்து, எனக்கு ஒரு பக்கமும் அவளுக்கு ஒரு பக்கமுமாக வீடு விழுந்தது. இப்போது அவள் கொழும்பில் மகளோடு இருக்கிறாள் என்று கேள்வி. அங்கே எல்லாருமே அவளைப்போலத்தான் ஓடுவார்கள், பொருந்தியிருப்பாள். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது அந்த ஓட்டம் இல்லை. மாமி வந்த கிழமைதான் வரும்.

மாமி என்று நாங்கள் சொன்னது, கடற்கரையில் எங்கள் பழைய வீட்டுக்குக் கிட்டே இருந்த ஒரு தாயை. கடல் வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் அவவுடைய ஒரே மகளுக்குக் கலியாணம். பெண்கள் பக்கத்தை எடுத்தவள் நான். மகள் போய்விட்டாள், பொண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் போய்விட்டது. கசட் என்னிடம் கிடந்தது. ஒருமுறை அதைப்பற்றி வாயெடுத்தேன், மாமி கையெடுத்துத் தடுத்துவிட்டா. பார்க்கிற தைரியம் இல்லை, நீயே வைத்திரு என்றா. பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கதையே இல்லை.

யுத்தம் முடிந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கின நேரம், மாமி எங்கள் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டு வந்தா. சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. ஒரு கண் முழுக்கப் போய்விட்டது, மற்றதில் கிட்டே வைத்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். கொழும்புக்கு ஒப்பரேசனுக்குப் போகிறா, ஆனால் இருக்கிற பார்வையும் மிஞ்சுமா என்று டொக்டர் வாக்குத் தரவில்லை. மாமி வாசலில் நின்றபடியே சொன்னா.

"போறதுக்கு முந்தி அவளை ஒருக்காப் பார்க்கணும் மகள். பிறகு ஏலாமப் போயிரும்."

எப்போது பயணம் என்று மச்சி கேட்டாள். சனிக்கிழமை என்றா மாமி. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றாள் மச்சி. அந்தமுறை நானும் அவளை ஏசவில்லை.

அவள் அந்தக் கலியாணத்துக்கு வேலை செய்த மாதிரி வேறு எதற்கும் செய்து நான் பார்த்ததில்லை. கசட்டில் இருந்ததையெல்லாம் பெட்டிக்குள் ஏற்றி, ஆகத் திறமான இடங்களைப் பொறுக்கி எடுத்தாள். பொண்ணு தலை நிமிர்கிற இடம், தாலி கட்டி முடிந்து பெண்கள் குரவை போடுகிற இடம், மருதோண்டிக் கை. ஒவ்வொன்றையும் மெதுவாக அசைகிற மாதிரி ஆக்கி, சுற்றிவர மல்லிகைப் பூ உதிரவிட்டு, மேலே ஒரு நல்ல கஸீதாப் பாட்டுப் போட்டாள். இத்தனை வேலைக்கும் பெட்டி எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பட்டனை அமத்தினாள். கச்சான் மேற்கிலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வந்தது. பெட்டி நின்றது. பழைய பிழை எதுவும் இல்லை, வழியெல்லாம் சரி, ஆனால் உள்ளே போகிற காற்றே கொதித்தால் என்ன செய்ய?

திரும்பப் போட்டாள், திரும்ப நின்றது. வியாழக்கிழமை வந்துவிட்டது. அவளுடைய முகம் கறுத்துப் போயிருந்தது, சாப்பாடும் இல்லை. அப்போதும் வேகத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைத்தால் வெள்ளிக்குள் முடியாது. கடைசியில் கச்சானையே பிடித்துக்கொண்டாள். கடல் காற்றுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பிரயோசனமில்லை, அந்தக் காற்றே ஈரம். கச்சான் காய்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்து போகும். மேற்கு யன்னலில் நனைத்த சாக்கைக் கட்டினாள். மீன் பெட்டி செய்கிற வெள்ளை றெஜிஃபோம் துண்டுகளை ஒட்டி, யன்னலிலிருந்து பெட்டியின் முன்பக்கம் வரைக்கும் ஒரு குழாய் மாதிரிச் செய்தாள், சாக்கைத் தாண்டி வருகிற காற்று வேறெங்கும் போகாமல் பெட்டிக்குள் மட்டும் போக. நாங்கள் மாறி மாறிச் சாக்கில் தண்ணி ஊற்றினோம். கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் நடந்து நடந்து என் கால் வீங்கிவிட்டது. சூடு இறங்கினது. வெள்ளி ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிற நேரம் வேலை முடிந்து டீவீடி வெளியே வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை அல்ஹம்துலில்லாஹ் என்றாள், அவ்வளவுதான்.

ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து திரைக்கு ஒரு சாண் தள்ளிக் கதிரையில் இருத்தினோம். மாமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டா. மச்சி பின்னால் நின்றாள். பூ உதிர்ந்தது, கஸீதா பாடினது, மகள் மெதுவாகத் தலை நிமிர்ந்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. மாமி அழவில்லை. முகத்தைத் திரையில் முட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தா. முடிந்தது. மாமி மச்சியின் பக்கம் திரும்பினா.

"நல்லா இரிக்கி மகள், அல்லாஹ் உனக்கு நல்லதத் தருவான். ஆனா அவள் கதைக்கவே இல்லையே. அவள்ட சத்தம் எங்க?"

சத்தம் இல்லைத்தான். கஸீதா போடுகிறதுக்காக மச்சி அதை எடுத்துவிட்டிருந்தாள். எல்லாக் கலியாணத்துக்கும் அப்படித்தான் செய்வோம். ஆக்கள் கத்துகிறது, பிள்ளைகள் அழுகிறது, கோப்பை விழுகிறது, பெண்கள் இடம் தேடுகிறது, எல்லாம் வெட்டி எறிகிற சாமான். எவரும் இதுவரை கேட்டதில்லை.

மச்சி கீபோட்டுக்குக் குனிந்தாள். வெட்டாத வீடியோ அப்படியே டிஸ்க்கில் கிடந்தது. அதைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். அதை ஓட்டப் பெட்டிக்கு ஒரு பாடும் இல்லை, ஃபேன்களின் சத்தம்கூடத் தணிந்துவிட்டது. இத்தனை நாள் நாங்கள் கிடந்து அவிந்தது பூவுக்கும் பாட்டுக்கும்தான்.

திரையில் இரைச்சல். நான் கெமராவை ஒரு மூலையில் ஸ்டாண்டில் வைத்துவிட்டு எங்கோ சாப்பிடப் போயிருக்கிறேன் போல, படம் அசையாமல் கிடந்தது. நடுவில் பொண்ணு, தனியாக, நகைகளோடு. சுற்றிவர ஆக்கள் ஓடித் திரிகிறார்கள். ஒருத்தி வந்து பொண்ணின் தலையைச் சரிசெய்துவிட்டுப் போகிறாள். பொண்ணு வேர்வையைத் துடைக்கிறாள், கொட்டாவி விடுகிறாள், காலில் எதையோ சொறிகிறாள். மாமி இப்போதுதான் சிரித்தா. மச்சி இதையெல்லாம் ஓட்டித் தள்ளிவிடுகிற ஆள். அவளுடைய கை இரண்டு முறை கீபோட்டுக்குப் போனதை நான் கண்டேன். இரண்டு முறையும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பிறகு திரையில் மாமியே வந்தா. நாலரை வருஷத்துக்கு முந்தின மாமி, பருத்த உடம்பு, இடுப்பில் செருகின முந்தானை, இரண்டு கையிலும் சஹன் தட்டு. பொண்ணு கையை உயர்த்திக் கூப்பிட்டாள்.

"உம்மா, இஞ்ச ஒருக்கா வாங்க."

"கையில வேலை மகள், இந்தா வாறன்," என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு திரையில் இருந்த மாமி வெளியே போய்விட்டா.

படம் ஓடிக்கொண்டிருந்தது. பொண்ணு கையை இறக்கிவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி திரும்பி வரவில்லை. வேறு ஆக்கள்தான் வந்தார்கள், போனார்கள்.

"என்னத்துக்குக் கூப்பிட்டாள் எண்டு நான் பிறகு கேக்கவே இல்ல," என்றா கதிரையில் இருந்த மாமி. "மறந்திட்டன்."

மாமி கையால் மேசையைத் தடவி, மச்சியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டா. அந்த இடத்துக்கு ஒருக்காத் திரும்பப் போ என்று கேட்டா. மச்சி போனாள். பொண்ணு மறுபடி கையை உயர்த்தினாள், மறுபடி உம்மா என்றாள்.

"இதுல நிப்பாட்டு மகள்."

மச்சி நிறுத்தினாள். உயர்த்தின கையோடு, வாய் பாதி திறந்தபடி, அந்தப் பிள்ளை திரையில் நின்றாள். மாமி கதிரையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, இருக்கிற அந்த ஒரு கண்ணைத் திரைக்கு நேரே வைத்தா.

"இந்தா வந்திட்டன்," என்றா. "சொல்லு மகள்."

வெளியே பள்ளி விட்டு ஆம்பிளைகள் வருகிற சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மச்சியின் மனுசன் வந்து தட்டினார், பிள்ளைகளுக்குப் பசி என்றார். மச்சி மாமியின் கைக்குள் ஒரு கையும் கீபோட்டில் ஒரு விரலுமாக, குனிந்த முதுகு நிமிராமல் நின்றாள். மாமி தானாக எழும்பும் வரைக்கும் அந்தப் படத்தை அவள் ஓடவிடவில்லை.